பைத்தானில் உருவாக்கும் எஸ்விஜி (வடிவங்களை எழுத்து வடிவில் விவரிக்கும் பட வகை) வண்ணக் கட்டங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன, சில கட்டங்கள் கறுப்பாகிவிடுகின்றன. ஏன்?

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை.

1000 அகலப் படத்தை 12 நெடுவரிசையாகப் பிரித்து, கட்டத்தின் அகலத்தை 1000 / 12 என்று கணக்கிட்டால் வெள்ளைக் கோடு வரத்தான் செய்யும். முதல் கட்டம் 83.33-இல் முடிகிறது. அந்த எல்லைப் பிக்சலில் மூன்றில் ஒரு பங்கு முதல் கட்டத்துக்கு, மீதி இரண்டாவதுக்கு. ஆனால் பிரவுசர் ஒவ்வொரு ரெக்டையும் (கட்டத்தை வரையும் செவ்வகத்தையும்) தனியாகவே வரைகிறது. முதலாவதை வரைந்ததும் பின்னணி 67% மிஞ்சும். இரண்டாவது அந்த மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை மறைக்கும். ஆக 22% வெள்ளை அங்கேயே தங்கிவிடுகிறது.

கட்டத்தின் அகலத்தை 80 என முழு எண்ணாக்கி, வியூபாக்ஸ் (படத்தின் உள் அளவுச் சட்டம்) அகலத்தை 960 ஆக வைத்தால் அசல் அளவில் கோடு மறையும். படத்தைச் சுருக்கினாலோ பெரிதாக்கினாலோ பின்னம் திரும்பவும் முளைக்கும். அதனால் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என வரைந்துகொண்டே, ஒவ்வொரு ரெக்டையும் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் அரைக் கட்டம் நீட்டிவிடுவதுதான் உறுதியான வழி. அடுத்து வரும் கட்டம் அந்த நீட்சியை மூடிவிடும். கடைசி வரிசையைக் கீழேயும் கடைசி நெடுவரிசையை வலப்பக்கமும் நீட்ட வேண்டாம். நிறங்களில் ஒளிபுகு தன்மை இருந்தால் நீட்சி அடியில் தெரியும். அப்போது, விளிம்பை எப்படி வரைவது என்று சொல்லும் ஷேப்-ரெண்டரிங் பண்புக்கு கிரிஸ்ப்எட்ஜஸ் என்று கொடுங்கள். சில கட்டங்கள் ஒரு பிக்சல் கூடக்குறைய அமையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கறுப்புக் கட்டங்களுக்குப் பெரும்பாலும் காரணம், நிற எண்களை ஹெக்ஸாக (பதினாறடிமான எண்ணாக) மாற்றும்போது முன்சுழியம் விட்டுப்போவது. சிவப்பு, பச்சை, நீலம் முறையே 128, 5, 64 என்ற நிறம் #800540 ஆக வேண்டும். சுழியம் போனால் #80540. ஐந்து இலக்கத்தில் நிறக் குறியீடே கிடையாது, எனவே ஃபில் (நிரப்பு நிறம்) செல்லாமல் போய் இயல்பு நிறமான கறுப்பு வந்துவிடுகிறது. இதைவிட ஆபத்தானது 5, 9, 7. அது #597 ஆகி, செல்லுபடியாகும் மூன்றிலக்கச் சுருக்கமாகவே எடுத்துக்கொள்ளப்படும். கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்க வேண்டிய கட்டம் 85, 153, 119 என்ற பச்சையாக நிற்கும், பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு எண்ணையும் கட்டாயம் இரண்டு இலக்கமாக்கி எழுதுங்கள்.

நிறங்களை மாற்றித் தரும் பைத்தானின் கலர்சிஸ் தொகுதியில் hls_to_rgb-ஐப் பயன்படுத்தினால், அது கேட்கும் வரிசை சாயல், ஒளிர்வு, செறிவு. எல்லாமே 0 முதல் 1 வரை. செறிவை நடுவில் கொடுத்துவிட்டு நிறம் ஏன் வெளிறியது என்று தேடுபவர்கள் நிறையப் பேர். சாயல் முழுச் சுற்றையும் 12 நெடுவரிசையில் பரப்பும்போது 12-ஆல் வகுங்கள். 11-ஆல் வகுத்தால் முதலும் கடைசியும் ஒரே சிவப்பாகிவிடும்.