தூக்கத்தில் நெஞ்சில் ஏறி அமுக்குவது பேயா?

விடிகாலையில் விழித்தும் கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள் என்கிறீர்கள். நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. பேய் என்பதுதான் தவறு.

கனவு வரும் தூக்கக் கட்டத்தில் மூளை நம் தசைகளைப் பூட்டிவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடும்போது கட்டிலிலிருந்து விழுவோம். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், பூட்டு திறக்கத் தாமதமாகும். கண் திறந்திருக்க, மிச்சக் கனவு அறையில் உருவமாக நிற்கும். நினைத்தபடி மூச்சை இழுக்க முடியாததால் நெஞ்சு கனக்கும். மருத்துவத்தில் இது தூக்க வாதம்.

நமக்கு அமுக்குவான் பேய், ஜப்பானியருக்கு கனாஷிபாரி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறும் கிழவி. ஊருக்கொரு வேஷம்!

தூக்கம் கெட்டாலும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். தலைமாட்டில் இரும்பு வைப்பது உங்கள் விருப்பம், ஆனால் ஒருக்களித்துப் படுங்கள். அடிக்கடி வந்தால், பகலிலும் தூக்கம் அசத்தினால், மருத்துவரைப் பாருங்கள்.