மைக்ரோவேவில் சூடாக்கியதைச் சாப்பிடலாமா? கேள்வி பதில்

புதுக்குடித்தனம்: மைக்ரோவேவ்ல வச்ச சாப்பாட்டுக்குள்ள கதிர்வீச்சு தங்கிடும்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா அக்கா?

தங்காது. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குகிறதா? அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரான் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. வீட்டு வைஃபையும் கிட்டத்தட்ட அதே அலைவரிசைதான். வைஃபை ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அடுப்பு 700, 800 வாட், அதுவும் இரும்புப் பெட்டிக்குள். எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு இதற்குக் கிடையாது. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடேற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. மாமியாரிடம் வாதாடாதீர்கள், ரசத்தைச் சுடவைத்துக் கொடுங்கள்.

கரூர்க்காரர்: உள்ளேயிருந்து வெளியே வேகும் என்கிறார்களே?

தலைகீழ். அலை மேற்பரப்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்கும் உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் போக வேண்டும். அலைநீளம் சுமார் 12 செ.மீ.; சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்வதால், தோராயமாக 6 செ.மீ.க்கு ஓரிடம் கொதிக்கும், இடைப்பட்ட இடம் ஆறிக் கிடக்கும். கண்ணால் பார்க்க வேண்டுமா? சுழல்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் குமிழின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டு நிறைய அப்பளம் பரப்பி ஓடவிடுங்கள். அங்கங்கே திட்டுத் திட்டாகப் பொரியும்.

அதனால்தான் பாதியில் நிறுத்திக் கிளறச் சொல்கிறேன். கிளறி, மீதி நேரம் ஓடவிட்டு, எடுத்தபின் 2 நிமிடம் மூடி வையுங்கள். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கதிரைவிடக் கிளறாத குழம்புதான் வயிற்றைக் கெடுக்கும்.

நைட் ஷிப்ட்: ராத்திரி குக்கர்லயே மீந்த சோறு. காலைல ஆவி பறக்கச் சூடு பண்ணிட்டா கிருமியெல்லாம் செத்துடும்தானே?

கிருமி சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும். சோறு வெந்தாலும் தப்பிவிடும். வெதுவெதுப்பான சோற்றில் ராத்திரி முழுக்கப் பெருகும்போது சீரூலைடு என்ற நஞ்சைக் கக்கும். அது குக்கர் சூட்டுக்கே அசையாது, மைக்ரோவேவ் எம்மாத்திரம்? சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வந்தால் 'மைக்ரோவேவ் ஒத்துக்கலை' என்று பழி அடுப்பின் மேல் விழும்.

சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரம்தான் கெடு. மறுநாள் ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, தளர்வாக மூடி, 800 வாட்டில் ஒன்றரை நிமிடம், நடுவில் கிளறி. ஒருமுறை சுடவைத்ததை மறுபடி சுடவைக்க வேண்டாம்.

நீராகாரம்: இது சரியில்லீங்க அக்கா. தாத்தா காலத்துலேர்ந்து பழையது சாப்பிடறோம். ராத்திரி முழுக்க வெளியேதான் இருக்கும். யாருக்கு வாந்தி வந்துச்சு?

பழையதை நான் எங்கே குறை சொன்னேன்? தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிக்கவைக்கிறது. புளிப்பு ஏற ஏற அந்தப் பொல்லாத கிருமியால் தலைதூக்க முடியாது. குக்கரில் உலர்ந்து கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. காலையில் எழுந்து அதில் தண்ணீர் ஊற்றினால் அது பழையதும் ஆகாது. ராத்திரியே, சோறு ஆறியதும் ஊற்ற வேண்டும்.

நைட் ஷிப்ட்: அப்போ பழையதை மைக்ரோவேவ்ல வைக்கலாமா?

நீராகாரம்: பழையதைச் சுடவைக்கிறதா? அதுக்குச் சாப்பிடாமலே இருக்கலாம்.

நைட் ஷிப்ட்: மார்கழி மாசம் ஜில்லுனு எப்படிங்க இறங்கும்?

நீராகாரம்: சின்ன வெங்காயம், மோர் மிளகாய் இருந்தா தானா இறங்கும்.

வெங்காயம் சரி. சுடவைத்தால் புளிக்கவைத்த நல்ல பாக்டீரியா செத்துப்போகும். மிஞ்சுவது புளித்த கஞ்சி. கெடுதல் இல்லை, பழையது என்று மட்டும் சொல்லாதீர்கள். கொழகொழவென்று நூல் விட்டாலோ நாறினாலோ கொட்டிவிடுங்கள். இதோடு சோற்றை விடுவோம், பலர் காத்திருக்கிறார்கள்.

டிபன் பாக்ஸ்: 'மைக்ரோவேவ் சேஃப்' போட்ட பிளாஸ்டிக் டப்பா?

டப்பா உருகாது, நெளியாது என்பதுதான் அந்த முத்திரையின் முக்கியப் பொருள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். சாதத்துக்கும் இட்லிக்கும் போதும். எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பும் அல்வாவும் வேறு ரகம். தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், எண்ணெயும் சர்க்கரையும் அதைத் தாண்டும். டப்பாவில் எண்ணெய் நின்ற மட்டத்தில் சிவப்பு வளையமும் சொரசொரப்பும் விழுந்திருக்குமே, பிளாஸ்டிக் அரிபட்ட தடம் அது. அப்படிப்பட்ட டப்பாவை மாவு அளக்க வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் பார்சல் டப்பா, மெலமைன் தட்டு கூடாது. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி நல்லது. சூட்டோடு ஈர மேடையில் வைத்தால் விரிசல் விடும்.

மதுரைக்காரி: எவர்சில்வர் வச்சா வெடிக்குமா?

வெடிக்காது. அலை பட்டுத் திரும்பிவிடும், சாப்பாடு சரியாகச் சூடாகாது. விளிம்பு சுவருக்கு அருகில் போனால் பொறி பறக்கும். பொன் கரை போட்ட பீங்கானும் அப்படியே.

புதுத்தாய்: குழந்தைக்குப் பால்?

கூடாது. புட்டி வெளியே இதமாக இருக்கும், பால் நடுவில் வாயைப் பொசுக்கும். வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்துங்கள்.

சந்தேகம்: சத்தெல்லாம் போயிடுமா? கதிர் தங்குமா?

இரண்டாவதற்கு முதல் பதில். சத்து: வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து, வேகும் நேரம் நீள நீள அழியும். கொஞ்சம் தண்ணீரில் சீக்கிரம் வேகும் கீரையில், நிறைய நீரில் வேகவைத்து வடிப்பதைவிட அது அதிகமாக மிஞ்சும்.

சிக்னல்: ஃபோனை உள்ளே வச்சு மூடிக் கூப்பிட்டா ரிங் அடிக்குது. கசியுதா?

அந்தச் சோதனை செல்லாது. ஃபோன் மிக மெல்லிய சிக்னலிலும் அடிக்கும். அமெரிக்க விதிப்படி 5 செ.மீ. தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது. தள்ளி நின்றால் அதுவும் வேகமாகக் குறையும். கதவு தொங்குகிறதா, கொக்கி உடைந்ததா, கதவுக் கண்ணாடியிலுள்ள உலோக வலை கிழிந்ததா, விளிம்பில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை: உள்ளே பொறி வருது. கழட்டிப் பார்க்கவா?

வெளிப்பெட்டியைக் கழற்றாதீர்கள். மின்தேக்கியில் 2000 வோல்ட் அளவில் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். அடுப்புக்குள் வலப்பக்கச் சுவரில் அட்டைபோல் இருப்பது மைக்கா தகடு. எண்ணெய் தெறித்துக் கருகியிருந்தால் பொறி அங்கிருந்துதான். அதை மட்டும் உட்பக்கமிருந்தே எடுத்து, அதே அளவில் வெட்டிய புதுத் தகட்டை மாட்டலாம். மாட்டும் வரை ஓட்டாதீர்கள்.

ஹாஸ்டல்: முட்டை?

ஓட்டோடு வெடிக்கும். உரித்த அவித்த முட்டையைச் சுடவைத்தால் வாயில் வைத்துக் கடிக்கும்போது வெடிக்கலாம்.

ஈரோடு: கதிர் சாப்பாட்டுல தங்குமான்னு யாராவது கேட்டாச்சா?

கேட்டாச்சு.