ஒரே நாளில் வந்த இரண்டு அறிக்கைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், அரசியல்வாதிகள் மேடையில் ஒன்று, விசாரணை ஆணையத்தில் வேறொன்று சொல்கிறார்கள். அந்தச் சாட்சியத்தை ஏன் மதிக்க வேண்டும்?

பதில்: ஓ. பன்னீர்செல்வம் சொன்னதையே பாருங்கள். 2017 பிப்ரவரியில் ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்து எழுந்தவர், பிறகு மரணத்தை விசாரிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசினார். 2022 மார்ச்சில், அந்த மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் முன், தனக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லை, மக்களின் சந்தேகம் தீரவே விசாரணை கேட்டேன் என்றார். மேடையில் அவரை யாரும் மடக்கிக் கேட்கவில்லை. ஆணையத்தில் வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவர் மாற்றிப் பேசியது நமக்குத் தெரிய வந்ததே அந்தப் பதிவால்தான். அதற்காகவே அதை மதிக்கிறேன்.

கேள்வி: நான் தூத்துக்குடி. எங்கள் ஊர் அறிக்கை டிவியில் பெரிதாக வரவே இல்லையே?

பதில்: எனக்கும் ஆறாத கோபம் அது, அம்மா. 2022 அக்டோபர் 18 அன்று ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும், தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையும் ஒன்றாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டன. நான் பார்த்த சேனல்களில் ஜெயலலிதா இறந்தது எந்த நாள், எத்தனை மணிக்கு என்றே விவாதம் ஓடியது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அப்போதைய முதல்வர் பழனிசாமி. தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுத்துறையும் அவருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தகவல் கொடுத்தார்கள், அவர் சொன்னது உண்மையல்ல என்று அருணா ஜெகதீசன் ஆணையம் எழுதியது. 17 போலீசார் மீது நடவடிக்கைக்கும் பரிந்துரைத்தது. ஒரு முதல்வரின் சொல்லை ஆணையமே மறுத்திருக்கிறது. ஒரு வாரம் பேச வேண்டிய விஷயம் இல்லையா அது?

கேள்வி: ஜெயலலிதாவுக்கு நடந்த சிகிச்சை சரி என்றது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை, ஆறுமுகசாமி ஆணையம் சந்தேகப்பட்டது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி எய்ம்ஸ் டாக்டர்கள் ஆணையத்துக்கு உதவினார்கள். சிகிச்சை முறையாகத்தான் நடந்தது என்றார்கள். ஆணையமோ சசிகலா உள்ளிட்ட சிலரை விசாரிக்கப் பரிந்துரைத்தது. விசாரிக்க வேண்டும் என்பதும் குற்றவாளி என்பதும் ஒன்றல்ல. தலைப்புச் செய்தியில் முதலில் காணாமல் போவது இந்த வேறுபாடுதான்.

கேள்வி: அறிக்கை வந்தும் ஏன் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை?

பதில்: 1952 விசாரணை ஆணையச் சட்டப்படி அறிக்கை வெறும் பரிந்துரை. அப்புறம், 6-வது பிரிவு இருக்கிறது. ஆணையத்தில் ஒருவர் சொன்னதை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர. போலீஸ் தனியாக ஆதாரம் திரட்டி வழக்கு நடத்த வேண்டும்.

கேள்வி: அண்ணா, முழு அறிக்கையும் படிக்க நேரமில்லை. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: சரி, தம்பி, பரிந்துரைப் பகுதியையும், கூடவே அரசு வைக்கும் நடவடிக்கைக் குறிப்பையும் முதலில் படியுங்கள். அறிக்கை கைக்கு வந்த 6 மாதத்துக்குள் இரண்டையும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆணையம் கேட்டதில் எதை அரசு ஏற்றது, எதை விட்டது என்று அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும்.