வர்த்தக ஒப்பந்தத்துக்கு ஓட்டெடுப்பு உண்டா?

கேள்வி: வெளிநாட்டுத் தேயிலைக்கு வரியைக் குறைக்கும் ஒப்பந்தங்களை நம்ம எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தடுத்திருக்கலாமே?
– பசுந்தேயிலை விவசாயி, கட்டபெட்டு

பதில்: அப்படி ஓர் ஓட்டெடுப்பே நம் நாட்டில் கிடையாது அம்மா. வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது மத்திய அரசின் அதிகாரம். சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தால்தான் நாடாளுமன்றம். வரியைக் குறைக்க அதுவும் வேண்டாம். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் ஓர் அறிவிக்கை போதும்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்ட ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தது. தேயிலைக்கு இருந்த 100 சதவீத வரியை 2019-க்குள் 45-ஆகக் குறைக்க ஒப்புக்கொண்டோம். தேயிலை விளைவிக்கும் வியட்நாம், இந்தோனேசியா இரண்டும் அந்தக் கூட்டமைப்பில்தான் இருக்கின்றன. அதை எதிர்த்துக் கேரளத்தில் மனிதச் சங்கிலியே நடந்தது. ஆனால் ஒப்பந்தம் வேண்டும், வேண்டாம் என்று கைதூக்க எந்த எம்.பி.க்கும் வாய்ப்பில்லை.

நம் விலை சரிவதற்கு இறக்குமதி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வயதான செடியும் முற்றிய இலையும் உண்டு. ஆனாலும் குன்னூர் ஏலத்தில் தூள் விலை இறங்கினால், அடுத்து ஃபேக்டரி தரும் ரசீதில் நம் இலை விலையும் இறங்குகிறது. கோத்தகிரியில் கொஞ்சம் தோட்டம் வைத்திருக்கும் எனக்கும் அதே ரசீதுதான். அதைத் தொடும் முடிவில் நம் பிரதிநிதிக்கு ஓர் ஓட்டு வேண்டாமா?

சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் நாம் ஒப்பந்தம் போட்டோம். அவர்கள் அதைத் தங்கள் நாடாளுமன்றங்களில் வைத்து ஒப்புதல் வாங்கினார்கள்; 2025 அக்டோபரில் அமலானது. அதே நான்கு நாடுகள் இந்தோனேசியாவோடு போட்ட ஒப்பந்தத்துக்கு சுவிஸ் மக்களிடம் பொதுவாக்கெடுப்பே நடந்தது. பாமாயில் பிரச்சினையால் எதிர்ப்பு பலமாக இருந்து, 2021-இல் 51.6 சதவீத ஆதரவோடுதான் தப்பியது.

ஒவ்வொரு ஷரத்துக்கும் ஓட்டு என்றால் எந்த நாடு நம்மோடு பேரம் பேசும் என்று கேட்பார்கள். நியாயம்தான். அதற்கு அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: திருத்தம் கூடாது, மொத்தமாக ஆம் அல்லது இல்லை. 1993-இல் கனடா, மெக்சிகோவோடு போட்ட நாஃப்டா ஒப்பந்தம் கீழவையில் 234-க்கு 200 என்று அப்படித்தான் நிறைவேறியது. நமக்கும் அதுபோல ஒரு சட்டம் வேண்டும்.

சரி, இப்போதைக்கு மக்களவையின் மனுக்கள் குழு இருக்கிறது. எம்.பி. மூலமாக மனு கொடுக்கலாம். ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, இலை ரசீது விவரங்களையும் மனுவுக்குள்ளேயே எழுதிக் கொடுங்கள் அம்மா; மனுவோடு வேறு ஆவணங்களை இணைக்கக்கூடாது.