சாக்கடைக் கரப்பானுக்குச் சமையலறையில் ஜெல் எதற்கு?

கேள்வி: இருட்டியதும் குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலி வழியாகவும் கொல்லைக் கதவின் அடியிலும் பெரிய கரப்பான்பூச்சிகள் வருகின்றன. பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்று, சமையலறையில் ஜெல் வைப்பதற்கு ஓராண்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறது. போடலாமா?

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன், வருவது எந்தக் கரப்பான் என்று பாருங்கள். சமையலறை அலமாரி இடுக்கில் குடியிருப்பது ஜெர்மன் கரப்பான். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். ஜெல் அதற்கு நன்றாக வேலை செய்யும். நீங்கள் சொல்வது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் அமெரிக்கக் கரப்பானாக இருக்க வேண்டும். நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். செம்பழுப்பு நிறம், கழுத்துப் பகுதியைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. சமையலறையில் வைத்த ஜெல்லைத் தின்று நான்கு செத்தாலும் சேம்பரிலிருந்து, அதாவது வீட்டுக்கு வெளியே உள்ள கழிவுநீர்த் தொட்டியிலிருந்து, புதியவை வந்துகொண்டேதான் இருக்கும்.

பகலில் சேம்பர் மூடியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காராமணி விதை அளவில் கரும்பழுப்புக் கூடுகள் ஒட்டியிருந்தால் அவை முட்டைக்கூடுகள். ஒவ்வொன்றிலும் பதினைந்து முட்டைகள் வரை இருக்கும். மருந்து தெளித்தாலும் கூட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே சுரண்டி எடுத்து நசுக்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியவை வேறு. உடைந்த சேம்பர் மூடியை மாற்றி, விளிம்பைச் சிமெண்டால் அடையுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் துருப்பிடிக்காத கம்பிவலை கட்டுங்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை பொருத்துங்கள். குளியலறை ஜாலிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்பில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். புழங்காத குளியலறையில் அது வற்றிப்போய்க் கரப்பானுக்கு வழி திறந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். தேங்காய் மட்டை, நனைந்த அட்டைப்பெட்டி, விறகுக் குவியல் ஆகியவற்றைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள்.

மருந்து வாங்கினால் பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாப் பொட்டலமும் கரப்பான் கொல்லும் சாக்பீஸும் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் கையில் எடுத்துவிடுவார்கள். கரப்பான் மருந்துகள் பல மீனைக் கொல்லக்கூடியவை. கிணறு, குளத்தின் பக்கம் தெளிக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆள் வைக்க வேண்டியிருந்தால், சேம்பருக்கும் வெளிச்சுவருக்கும் சேர்த்து எத்தனை முறை வருவார்கள், என்ன மருந்து அடிப்பார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்த ரசீது கைகொடுக்கும்.