கேளுங்க, சொல்றேன்: சாண்டா ஃபேவா, மேர்ஸ்க்கா?

போன இதழ்ல போற போக்குல "என் அலமாரில மூணு லெகோ டீசல் இன்ஜின் நிக்குது"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ரயில். பெங்களூர்ல இத்தனை தமிழ் லெகோ பைத்தியம் ஒளிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. வாடகை அட்வான்ஸ் கேட்டவங்க, மாவு புளிக்கலைன்னு எழுதினவங்க எல்லாம் கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் உங்களுக்குத்தான்.

சார், என்கிட்ட லெகோ மேர்ஸ்க் ட்ரெயின் இருக்கு, என் ஆபீஸ் ஃப்ரெண்டுகிட்ட சாண்டா ஃபே இருக்கு. என்னோடதுல 1237 பீஸ், அவனோடதுல 400 சொச்சம்தான். ஆனா அவன் தன்னோடதுதான் கெத்துன்னு மதியம் சாப்பாட்டு நேரம் பூரா உயிரை வாங்கறான். தீர்ப்பு சொல்லுங்க. (வாசகர், ஜீவன் பீமா நகர்)

மொதல்ல அந்தப் பீஸ் கணக்கை ஓரமா வைங்க சார். உங்க 10219 நம்பர் செட்ல இன்ஜின் மட்டுமா வருது, கன்டெய்னர் வேகன், லாரி எல்லாம் சேர்ந்துதான் அந்த 1237. உங்க ஃப்ரெண்டோட 10020 இன்ஜின் மட்டும், பெட்டிங்க தனி செட்டா வந்துச்சு. கல்யாண சமையல் மொத்தத்தையும் ஒரு தட்டு பிரியாணியையும் எடை போட்டுப் பார்க்கற மாதிரி இருக்கு உங்க சண்டை.

சாண்டா ஃபே 2002ல வந்தது. சிகாகோலேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் ஓடின சூப்பர் சீஃப் ரயிலோட எஃப்7 இன்ஜின், மூக்கு பூரா சிவப்பு, பின்னாடி சாம்பல். அந்த சிவப்பு டிசைனுக்கு வார்பானட்னு பேர், அமெரிக்கப் பூர்வகுடிகள் தலையில வெச்சுக்கற இறகுக் கிரீடம் மாதிரி இருக்கறதால. முன்னாடி நின்னு பாத்தா வேற எந்த லெகோ இன்ஜினும் அதுகிட்ட நிக்காது, ஒத்துக்கறேன். மேர்ஸ்க் 2011, அது கன்டெய்னர் கப்பல் கம்பெனி, அவங்க கலர் ஊதா நீலம் இல்ல, வானம் மாதிரி ஒரு நீலம், அதை லெகோ மேர்ஸ்க் செட்டுக்குன்னே வெச்சிருந்தாங்க, ஒரு பீஸ் தொலைஞ்சா அதே கலர்ல தேடிப் பிடிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். ரெண்டு வேகனை இழுத்துக்கிட்டு ஓடறப்ப பாக்க மேர்ஸ்க்தான் அழகு.

ஆனா என் ஓட்டு ரெண்டுக்கும் கிடையாது, மூணாவது ஆளுக்கு. 10133, 2005ல வந்த பிஎன்எஸ்எஃப், அதுவும் ஒரு அமெரிக்க ரயில் கம்பெனி, ஜிபி-38 இன்ஜின், 407 பீஸ், ஆரஞ்சும் கரும்பச்சையும். யாரும் இதைத் தலையில தூக்கி வெச்சு ஆடறதில்ல. எனக்கு ஏன் பிடிக்கும்னா, எஃப்7 மாதிரி இன்ஜின்ல உடம்பு முழுக்க மூடியிருக்கும், பஸ் மாதிரி. ஜிபி-38ல அப்படி இல்ல, இன்ஜினை மூடின பெட்டி ஒல்லியா நீளமா போகும், ரெண்டு பக்கமும் ஆள் நடக்க வழி இருக்கும், அதைத்தான் ஹூட்னு சொல்றது. நாம சின்ன வயசுலேர்ந்து பாத்த டீசலும் இதே ஜாதிதானே? நான் பொன்மலை ரயில்வே காலனில வளந்தவன், அப்பா டீசல் ஷெட்ல ஃபிட்டர், எனக்கு டீசல்னா அந்த ஓரத்து நடைபாதைல ஒரு ஆள் கம்பியைப் புடிச்சிக்கிட்டு நடந்து போகணும், இல்லேன்னா அது டீசலே இல்ல. இன்னொண்ணு, நிஜ ஜிபி-38க்கு நாலு அச்சுதான், ஒரு போகிக்கு ரெண்டு. லெகோ போகியும் ரெண்டு அச்சு. பொய் இல்லாம செஞ்ச மாடல்.

(போகின்னா பெட்டின்னு நெனச்சுக்காதீங்க, அது பிளாட்பாரத்துல நாம பேசறது. ஷெட்காரங்க போகின்னு சொன்னா அடில இருக்கற சக்கர வண்டி.)

உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க, ஷோகேஸ்ல ஜெயிச்சது அவர், தரைல ஜெயிச்சது நீங்க. சாப்பாட்டை ஆறவிடாதீங்க.

அங்கிள், என் ட்ரெயின் வளைவுல மட்டும் விழுந்துடுது. நேரா போனா விழறதில்ல. ஏன்? (ஆறாம் கிளாஸ், பானசவாடி)

கண்ணா, மூணு விஷயம் பாரு. ஒண்ணு, இடது வளைவு முடிஞ்ச உடனே வலது வளைவு போட்டிருக்கியா? நடுவுல ஒரு நேர் தண்டவாளமாவது போடு. ரெண்டு, மோட்டார் இருக்கற சக்கரத்துக்கு மேல வெயிட் பத்தாம இருக்கலாம், இன்ஜினுக்குள்ள ரெண்டு ரூபா காயின் நாலு அடுக்கி வெச்சுப் பாரு, நான் இன்னைக்கும் அதான் பண்றேன். மூணு, கனமான வேகனை இன்ஜினுக்கு அடுத்து மாட்டு, காலி வேகனைக் கடைசில. காலி வேகன் முன்னாடி இருந்தா பின்னாடி கனம் இழுக்கறப்ப அது உள்பக்கம் சாஞ்சு விழுந்துடும்.

ஸ்பீடைக் குறைன்னு சொன்னா நீ கேக்கமாட்ட, அதனால சொல்லல.

அண்ணா, நான் கே.ஆர்.புரம் ஷெட் பக்கத்துலயே வளந்தவன். நம்ம ரயில்வேயோட பழைய டீசல் இன்ஜின் டபிள்யூடிஎம்-2வை லெகோல செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆறு ஸ்டட் அகலமா, எட்டா, பத்தா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. (வாசகர், கிருஷ்ணராஜபுரம்)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உனக்கு ஒரு மசால் தோசை. ஸ்டட்னா லெகோ கட்டை மேல இருக்கற குமிழ், கடைல வர்ற லெகோ ரயில் பெரும்பாலும் ஆறு ஸ்டட் அகலம், பெரியவங்க சொந்தமா கட்டறது பெரும்பாலும் எட்டு. ஆனா நம்ம ஊர் வண்டிக்கு எது சரின்னு அடுத்தவங்களைக் கேக்கவே வேணாம், கணக்கே சொல்லும்.

லெகோ தண்டவாளத்துக்கு உள்பக்க இடைவெளி 37.5 மில்லிமீட்டர். நம்ம பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். வகுத்தா சுமார் 45 வருது. அதாவது தண்டவாளம் சரியா இருக்கணும்னா மாடல் நிஜத்துல 45ல ஒரு பங்கு இருக்கணும். டபிள்யூடிஎம்-2 அகலம் 2.86 மீட்டர், 45ஆல வகு, 64 மில்லிமீட்டர் கிட்ட வரும், ஒரு ஸ்டட் 8 மில்லிமீட்டர், ஆக எட்டு ஸ்டட்! இந்தக் கணக்கு நான் முதல்ல போட்டது ராத்திரி ஒரு மணிக்கு, எழுந்து நின்னு கை தட்டினேன், வீட்டுல பேய் புடிச்சிடுச்சான்னு எட்டிப் பாத்தாங்க. அமெரிக்க இன்ஜினுக்கு இப்படி அமையாது, அவங்க தண்டவாளம் 1435 தான், அதே எட்டு ஸ்டட் போட்டா சக்கரம் கொஞ்சம் அகண்டு நிக்கும்.

நீளம் பஃபரோட சேத்து 17.12 மீட்டர், மாடல்ல 38 சென்டிமீட்டர், 47-48 ஸ்டட். இங்கதான் வில்லங்கம். லெகோ வளைவோட ரேடியஸ் 40 ஸ்டட், 32 சென்டிமீட்டர். அதை 45ஆல பெருக்கினா நிஜத்துல 14 மீட்டர் சொச்சம் வருது, நம்ம பிராட்கேஜ்ல 175 மீட்டர் ரேடியஸுக்குக் கீழ வளைக்கறதே இல்ல. பொன்மலை இன்ஜினைக் கொண்டு வந்து உங்க வீட்டு மாடிப்படில திருப்பற மாதிரி. ரெண்டு போகிக்கு நடுவுல 28 ஸ்டட் வெச்சேன்னா, வளைவுல வண்டியோட நடு வயிறு ரெண்டரை ஸ்டட் உள்பக்கம் தள்ளிக்கிட்டுப் போகும், பக்கத்துல சிக்னல் கம்பம் வெச்சிருந்தா சாய்ச்சுட்டுத்தான் போகும். வெளில விக்கற பெரிய ரேடியஸ் வளைவு கெடச்சா வாங்கு, இல்லேன்னா சிக்னலைத் தள்ளி நடு.

அடுத்தது போகி. இந்த வண்டியை டிசைன் பண்ண அமெரிக்கக் கம்பெனி ஆல்கோ, அவங்க மூணு அச்சு போகில அச்சுக்கு அச்சு இடைவெளி ஒரே அளவா இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் நெருங்கி இருக்கும், அதை அப்படியே செஞ்சாத்தான் தெரிஞ்சவங்க பக்கத்துல வந்து உக்காருவாங்க. மூணு சக்கரத்தையும் இறுக்கி வெச்சா வளைவுல ஏறிடும். நடு அச்சு மட்டும் இடதும் வலதும் நகரட்டும், இல்லேன்னா தண்டவாளத்துல படாம ஒரு முடி அளவு தூக்கிடு. நான் தூக்கிட்டேன். ஆறு மாசமா அலமாரில நிக்குது, ஒருத்தரும் கண்டுபிடிக்கல, இப்ப நானே உளறிட்டேன்.

கலருக்கு அந்தப் பழைய செங்கல் சிவப்பும் நடுவுல மஞ்சள் பட்டையும் போடு. 1962ல அமெரிக்காவுலேர்ந்து வர ஆரம்பிச்சு, 1964லேர்ந்து வாரணாசில கட்டின வண்டி, 2600 குதிரைத்திறன். புறப்படறப்ப கரும்புகை கக்கும், ஏன்னா டீசலைக் கொட்டின வேகத்துக்கு டர்போ சுத்தி காத்து அனுப்ப நேரமாகும், அதுவரைக்கும் அரைகுறையா எரியும். அதுக்குக் கருப்புப் பஞ்சு ஒட்டலாமான்னு கேக்காத. ஒட்டிப் பாத்தேன். ஒரு ஆடு வந்து இன்ஜின் மேல விழுந்த மாதிரி இருந்துச்சு.

என் கணவர் பழைய லெகோ இன்ஜினை ஜன்னல் ஓரமா வெச்சு சாம்பல் கலர் எல்லாம் மஞ்சளா போச்சு. புதுசா வாங்கின சாம்பல் பீஸும் அதோட ஒட்டல, வேற கலரா இருக்கு. ஏமாத்திட்டாங்களா? (வாசகி, அல்சூர்)

ஏமாத்தலம்மா. 2004 வாக்குல லெகோவே சாம்பல் கலரை மாத்திட்டாங்க, பழசு கொஞ்சம் வெதுவெதுப்பான சாம்பல், புதுசுல நீலம் கலந்திருக்கும். 2002 சாண்டா ஃபே மாதிரி வண்டிக்குப் பழைய சாம்பல்தான் தேடணும், வாங்கறப்ப அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்க.

மஞ்சளுக்கு வைத்தியம் இருக்கு. மெடிக்கல் ஷாப்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, கண்ணாடிப் பாத்திரத்துல பீஸ் முங்கற அளவு ஊத்தி, மொட்டை மாடி வெயில்ல வைங்க. மெதக்கும், அப்பப்ப கிளறி விடுங்க, கையுறை போட்டுக்கோங்க, குழந்தைங்க கிட்ட வரக்கூடாது. நம்ம ஊர் மேகமூட்டத்துக்கு ரெண்டு மூணு நாள் கூட ஆகும். ஸ்டிக்கர் ஒட்டினது, மோட்டார், உலோகம் எதையும் போடாதீங்க. வெளுத்த பிறகு திரும்ப அதே ஜன்னல்ல வெச்சா திரும்ப அதே கதைதான், அதனால கணவரை முதல்ல எடம் மாத்துங்க, இன்ஜினைச் சொன்னேன்.

9 வோல்ட் மோட்டார் செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா? (வாசகர், வைட்ஃபீல்டு)

வாங்கலாம், ஓடற வீடியோ பாத்துட்டு. தெரியாதவங்களுக்கு: 1991லேர்ந்து லெகோ ரயில்ல தண்டவாளத்து உலோகத்துல கரண்ட் ஓடும், சக்கரம் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும், பேட்டரியே வேணாம். 2006ல பிளாஸ்டிக் தண்டவாளமும் பேட்டரி வண்டியும் வந்துச்சு, 9 வோல்ட் மெல்ல நின்னுபோச்சு. சாண்டா ஃபே, பிஎன்எஸ்எஃப் ரெண்டும் அந்தக் காலத்து வண்டி, மோட்டார் கூட வராது, தனியா போடணும். அதனால இப்ப கெடைக்கிற 9 வோல்ட் மோட்டார் எல்லாம் பழசு.

நானும் ஒருத்தர்கிட்ட வாங்கி மாட்டிக்கிட்டேன், "சூப்பர் கண்டிஷன்"னார், பார்சல்ல வந்தது முன்னாடி மட்டும் ஓடும், பின்னாடி போகச் சொன்னா உர்ருன்னு உறுமிட்டு நிக்கும், எங்க வீட்டுப் பழைய மிக்ஸி மாதிரி. போன் பண்ணா எடுக்கல. அதுலேர்ந்து நேர்ல வாங்கினா ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரியும் ரெண்டு வயரும் பாக்கெட்ல வெச்சுக்கறேன், ஒரு வயர் இடது சக்கரத்துல, இன்னொண்ணு வலது சக்கரத்துல தொட்டா சுத்தணும், வயரை மாத்திப் புடிச்சா திருப்பிச் சுத்தணும், அவ்ளோதான் பரீட்சை.

தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மேல்பூச்சு போயிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துணியை நனைச்சு தொடைச்சா போதும். எங்கப்பா பேண்ட் பாக்கெட்ல எப்பவும் ஒரு கை காட்டன் வேஸ்ட் இருக்கும், வீட்டுக்கு வந்து சட்டை மாட்டறப்ப கீழ விழும், அம்மா திட்டுவாங்க. என் டப்பால இன்னும் அந்த மாதிரி ஒரு உருண்டை வெச்சிருக்கேன், தண்டவாளம் அதுலதான் தொடைக்கறேன்.

ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு. ரயில் விட எடம் எங்க சார்? (வாசகி, கார்மேலாரம்)

வளைவு 16 பீஸ் சேத்தா ஒரு முழு வட்டம், நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 64 சென்டிமீட்டர்தான், கட்டிலுக்கு அடில போயிடும். நேர் தண்டவாளம் நாலு சேத்தா சோபா காலைச் சுத்தி வரும். எட்டு ஸ்டட் அகல வண்டின்னா சோபா காலுக்கும் தண்டவாளத்துக்கும் நாலு விரல் விடுங்க. உங்க ஸ்டேஷன்லயே ஓசூர் வழியா சேலம் போற வண்டியை ரொம்ப நாள் டீசல் இழுத்ததைப் பாத்திருப்பீங்க, அதே நெனப்புல ஓட்டுங்க. கூட்டிப் பெருக்க வர்ற அக்காகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க, எங்க வீட்டுல பிஎன்எஸ்எஃப் ஒரு தடவை குப்பை முறம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு.