போனைப் பறித்த நாளிலிருந்து பேச்சில்லை

அன்புள்ள அக்கா,

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருதடவைதான் வருவார். மகள் தரம் 10. போன வாரம் அவளுடைய புத்தகப் பையில் போன் இருந்ததென்று ஸ்கூலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்கூல் தவணை முடிந்துதான் தருவார்களாம். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, என்னோடு பேச்சும் இல்லை. 2020இல் கொரோனாவுக்கு ஸ்கூலை மூடியபோது, பாடமெல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறதென்று கடன்பட்டு வாங்கிய போன் அது. சிக்னல் தேடி மலை உச்சிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இப்போது அதே போன் குற்றமாம். போய்ச் சண்டை பிடிக்கவா, விட்டுவிடவா?

தங்கச்சி,

சண்டை வேண்டாம். வகுப்பில் போன் கூடாது என்பது நியாயம்தான். ஒருதடவை கவனம் கலைந்தால் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. நம் ஸ்கூலில் ஒரு பாடவேளையே ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் தவணை முழுக்க வைத்திருப்பது எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. வகுப்பாசிரியரைப் பார்த்து, "இனிப் பையில் வராது, நான் கையெழுத்து வைத்து வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

போன் திரும்பி வந்தால் இரவைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 30 பள்ளிகளைப் பார்த்து பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2025இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். போனைத் தடுத்த பள்ளி, தடுக்காத பள்ளி என்று பிள்ளைகளின் மனநலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்தப் பள்ளியானாலும், அதிக நேரம் போனில் கிடந்த பிள்ளைகளுக்குத்தான் மனநலமும் தூக்கமும் மோசம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்கு ஓடுகிற நீங்கள் அசந்து தூங்கிவிடுவீர்கள். போர்வைக்குள் வெளிச்சம் எத்தனை மணிவரை எரிந்ததோ! இரவு ஒன்பதுக்குப் போன் சாமிப்படத் தட்டுக்குப் போகட்டும், உங்களுடையதும் சேர்த்து.

சாப்பாடும் தூக்கமும் இன்னும் ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால், அல்லது செத்துப்போகலாம் என்பது போல ஏதும் சொன்னால் உடனேயே, 1926க்கு எடுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம்.

அப்புறம் ஒன்று. அப்பாவோடு அவள் எதில் பேசிக்கொண்டிருந்தாள்? நீங்கள் எழுதவில்லை. அந்தப் போனில்தான் என்றால், ஒரு வாரமாக அவளுக்கு அப்பாவும் இல்லை. இன்றிரவே உங்கள் போனில் அவருக்கு எடுத்து, முதலில் மகளிடம் கொடுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை நீங்கள் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் இருங்கள்.